37½ மணி நேரச் சனிக்கிழமை: டெல்லி – சான் பிரான்சிஸ்கோ

ஜனவரி 29, 2025, புதன். மயூர் விஹார், டெல்லி

டெல்லி விமான நிலையத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 12,380 கிலோமீட்டர் என்று வருகிறது. பெரிய விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீட்டர் போகும். வகுத்துப் பார்த்தால் 14 மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிட வேண்டும். எங்கள் டிக்கெட்டிலோ 16 மணி நேரம் போட்டிருக்கிறது. "மீதி ரெண்டு மணி நேரம் எங்கடா போச்சு?" என்று அம்மா கேட்டார். அம்மாவுக்கு 74 வயது. பால்காரர் கணக்கில் இரண்டு ரூபாய் இடித்தாலும் விடமாட்டார்.

தங்கை சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் ஃப்ரீமாண்டில் இருக்கிறாள். பிப்ரவரியில் அம்மாவைக் கொஞ்ச நாள் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டிப் போய்க் கூட்டி வருவது என் வேலை. சனிக்கிழமை விடிகாலை 4 மணிக்கு விமானம், நடுவில் எங்கும் நிற்காது. அதே சனிக்கிழமை காலை 6.30க்கு அங்கே இறங்குகிறோம். அதாவது சுவர்க் கடிகாரக் கணக்கில் இரண்டரை மணி நேரப் பயணம்.

இன்று தை அமாவாசை. அப்பாவுக்குப் படையல் போட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகு எதிர் ஃபிளாட் சார் வந்தார். லோதி ரோட்டில் இருக்கும் வானிலைத் துறைத் தலைமையகமான மௌசம் பவனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். அம்மாவின் கேள்வியைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய், பேரனின் பூமி உருண்டையை எடுத்து வந்தார். "பூத் தொடுக்கிற நூல் இருக்காம்மா?" என்றார்.

நூலின் ஒரு முனையை டெல்லியில் வைத்து, மறு முனையை சான் பிரான்சிஸ்கோவில் வைத்து இழுத்துப் பிடித்தார். அமெரிக்கா மேற்கே இருக்கிறது என்றுதான் அம்மா இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தார். நூலோ மேற்கேயும் போகவில்லை, கிழக்கேயும் போகவில்லை. டெல்லியை விட்டதும் கிட்டத்தட்ட நேர் வடக்கே, கொஞ்சமே கொஞ்சம் கிழக்கே சாய்ந்து ஏறியது. இமயமலை, திபெத், சீனாவின் வடமேற்கில் இருக்கும் சின்ஜியாங், சைபீரியா, அப்புறம் 75 பாகை வட அட்சத்தைத் தாண்டி ஆர்க்டிக் கடல். அங்கிருந்து இறங்கி அலாஸ்கா வழியாக கலிபோர்னியா. தட்டையான வரைபடத்தை மாட்டி வைத்துப் பாடம் படித்தவர்களுக்கு இது ஏமாற்று வேலை மாதிரித்தான் தெரியும். உருண்டையில் நூல் பொய் சொல்லாது.

"இந்த 12,380 இந்த நூலோட நீளம்தான். ஆனா இந்த வழியில ஒருத்தனும் ஏரோப்ளேன் ஓட்டமாட்டான்" என்றார் சார்.

காரணம் திபெத். விமானத்தில் காற்றழுத்தம் போய்விட்டால் தலைக்கு மேலிருந்து முகமூடி விழும் அல்லவா, அதில் வரும் ஆக்ஸிஜன் பல விமானங்களில் ஒரு கால்மணி நேரத்துக்குச் சற்று முன்பின்தான். அதற்குள் விமானி 10,000 அடிக்கு, அதாவது சுமார் 3,000 மீட்டருக்கு இறங்கியாக வேண்டும். அங்கே முகமூடி இல்லாமல் மூச்சு விடலாம். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 3,000 மீட்டருக்கு இறங்கு என்றால் எங்கே இறங்குவது? அதனால் டெல்லியிலிருந்து வடக்கே போக வேண்டிய விமானங்கள் மலையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. மேற்கே சுற்றினால் பாகிஸ்தான், மத்திய ஆசியா. கிழக்கே சுற்றினால் வங்காளம், மியான்மர், தென் சீனா.

நாங்கள் போகும்போது கிழக்கே, வரும்போது மேற்கே என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்தார். ஏன் அப்படி என்பதை நாளை சொல்கிறாராம்.

ஜனவரி 30, வியாழன். ஆர்.கே. புரம்

ஊருக்குக் கிளம்பும் முன் மலை மந்திருக்குப் போகாமல் அம்மா வீட்டுப் பூட்டைத் தொடமாட்டார். தைப்பூசம் வேறு 11ஆம் தேதி வருகிறது, இந்த வருஷம் இங்கே இருக்க முடியாது என்ற குறை. அம்மா கல்யாணமாகி ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியது 1973இல். மலை மந்திர் முருகனுக்குக் கும்பாபிஷேகம் ஆனதும் 1973. அதனால் தானும் சுவாமிநாதனும் ஒரே வருஷம் டெல்லிக்கு வந்தவர்கள் என்று ஒரு உரிமை.

சாரும் காரில் கூட வந்தார். அர்ச்சனை முடிந்து படியில் உட்கார்ந்தபோது அம்மாவே ஆரம்பித்தார். "ரயில்னா தண்டவாளம் இருக்கு. மெட்ராஸ்லேர்ந்து கிளம்பினா எத்தனை கிலோமீட்டர்னு டிக்கெட்லயே போட்டிருப்பான். போனாலும் அதே தூரம், வந்தாலும் அதே தூரம். இதுல மட்டும் ஏன் போறப்ப ஒரு வழி, வர்றப்ப ஒரு வழி?"

"காத்தும்மா" என்றார் சார்.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். தரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம். குளிர்காலத்தில் அது வட இந்தியாவின் தலைக்கு மேலேயே வந்துவிடும். டெல்லியிலிருந்து கொல்கத்தா போகும் விமானம் சீக்கிரம் போவதும் திரும்பி வருவது இழுப்பதும் இதனால்தான். அது மிகவும் வெறி பிடித்து ஓடும் இடம் ஜப்பானுக்கு மேலே. குளிர்காலத்தில் அங்கே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது புதிதல்ல.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் வசபுரோ ஓயிஷி என்கிற ஜப்பானியர். 1920களில் டோக்கியோவுக்கு வடக்கே ஓர் ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களை விட்டு, அவை எங்கே அடித்துக்கொண்டு போகின்றன என்று பார்த்து எழுதினார். உலகத்தார் எல்லோரும் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை வெளியிட்டார். உலகத்தார் யாரும் படிக்கவில்லை. ஜப்பான் ராணுவம் மட்டும் அந்தக் காற்றை மறக்கவில்லை. 1944 கடைசியிலிருந்து 9,000க்கும் மேற்பட்ட பலூன்களில் வெடிகுண்டு கட்டி, அதே காற்றில் அமெரிக்காவை நோக்கி விட்டது. சில நூறு போய்ச் சேர்ந்தன. நம் விமானம் பசிபிக்கைத் தாண்டப்போவதும் கிட்டத்தட்ட அந்த வழியில்தான்.

"அந்தக் குண்டு ஏதாச்சும் இன்னும் மேலயே சுத்திக்கிட்டு இருக்குமா?" என்றார் அம்மா. சார் சிரிக்கவில்லை. "இல்லம்மா. எல்லாம் ரெண்டு மூணு நாள்ல கீழ விழுந்துடும்" என்று பொறுமையாகச் சொன்னார். பலூன் விடுவது அவருடைய பழைய தொழில். வானிலைத் துறையில் காலை 5.30, மாலை 5.30 என்று இரு வேளையும் மேல் காற்றை அளக்கப் பலூன் விடுவார்கள். உலகம் பூராவும் ஏறக்குறைய அதே நேரத்தில் விடுவார்கள் என்பதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமிதம் வந்தது.

டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானம் முன்பெல்லாம் அட்லாண்டிக் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா பசிபிக் பக்கம் மாற்றியது. அந்த முதல் பயணத்தில் 15,300 கிலோமீட்டரை 14½ மணி நேரத்தில் கடந்தார்கள். 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து, நேரத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். நேற்றைய நூலோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் அதிகம். டெல்லியிலிருந்து கன்னியாகுமரிக்கு வானத்தில் நேர்கோடு போட்டாலே 2,300தான் வரும்.

கீழே பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் மல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பிப்ரவரி நெருங்கியும் குளிர் விடவில்லை.

ஜனவரி 31, வெள்ளி. டி3, டெல்லி விமான நிலையத்தின் மூன்றாம் முனையம்

பகல் முழுக்கப் பெட்டி கட்டும் சண்டை. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று தங்கை போனில் மூன்று முறை சொன்னாள். அம்மா மூன்று முறை "சரி" என்றார். நான் கைப்பையைத் திறந்து பார்த்து எடுத்து வைத்தேன். பெங்களூரு சித்தப்பா போன் செய்து, "எங்க ஊர்லேர்ந்து போற ஃப்ளைட்தான்டா இந்தியாவுலயே நீளம், நேர்க்கோட்டிலேயே 14,000 கிலோமீட்டர்" என்றார். உண்மைதான். 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வந்த அந்த முதல் விமானத்தை விமானி அறையில் முழுக்கப் பெண்களே இருந்து, வட துருவத்தின் மேலாக ஓட்டி வந்தார்கள். சித்தப்பா அதில் போனதில்லை. பெருமைக்கு அது தடையில்லை.

அம்மாவின் பெரிய கவலை வேறு. நாளை சனிக்கிழமை, பெருமாள் விரதம். ஒரே வேளைச் சாப்பாடு, அதுவும் சூரியன் உச்சிக்கு வரும்போது. ராத்திரி பாலும் பழமும். இதை அப்பா இருந்த காலத்திலிருந்து ஒரு வாரம் விட்டதில்லை. விமானத்தில் எந்த மத்தியானம்? டெல்லி மத்தியானமா, அந்த ஊர் மத்தியானமா?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெல்லியில் இன்று நள்ளிரவு 12க்கு சனிக்கிழமை பிறக்கும். கலிபோர்னியா நம்மைவிட 13½ மணி நேரம் பின்னால். அங்கே சனிக்கிழமை முடியும்போது நமக்கு 24உம் 13½உம் சேர்த்து 37½ மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நீளச் சனிக்கிழமை. சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பெருமாள் சோதிக்கிறார்" என்றார்.

பன்னிரண்டரைக்கு டாக்ஸி. பாரபுல்லா மேம்பாலம், தௌலா குவான், டி3. குடியேற்றப் பிரிவுக்கு மேலே செப்புத் தட்டுகளின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய முத்திரைக் கைகளைப் பார்த்து அம்மா, "அபய ஹஸ்தம் இருக்கு, பரவாயில்லை" என்றார். வெளியே லேசான மூட்டம். எதிர் ஃபிளாட் சார் நடுராத்திரியிலும் முழித்திருந்து செய்தி அனுப்பினார்: பனிமூட்டத்தில் இறங்க ஓடுபாதை 50 மீட்டர் தெரிந்தால் போதுமாம், கிளம்ப 125 மீட்டர் தெரிய வேண்டுமாம். இறங்குவதைக் கருவி பார்த்துக்கொள்ளும், ஓடத் தொடங்கி நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் மனிதக் கண்தான் வேண்டும். இந்த நேரத்தில் எனக்கு இது தேவையா என்று தோன்றியது. ஆனால் மூட்டம் அவ்வளவு மோசமில்லை.

பிப்ரவரி 1, சனி. வானத்தில்
(மேலே எழுதியது, இறங்கியதும் போடுகிறேன்)

4.20க்கு வாசலை விட்டு நகர்ந்து, வரிசையில் நின்று, 4.50க்குத்தான் தரையை விட்டது. டிக்கெட்டில் இருக்கும் 16 மணி நேரத்தில் இந்த ஊர்வதும் நிற்பதும் அடக்கம். அம்மா கேட்ட இரண்டு மணி நேரத்தில் ஒரு துண்டு இங்கேயே அகப்பட்டது.

போயிங் 777. இந்த வகை விமானம் நிறைய நிரப்பினால் 1,81,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையில் 145 டன். கிளம்பும்போது மொத்த எடை 350 டன் என்றால் அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் எண்ணெய்தான். எண்ணெயைத் தூக்கிக்கொண்டு போவதற்கே எண்ணெய் செலவாகும். அதனால்தான் தூரம் கூடக்கூட வழியை இவ்வளவு யோசித்துப் போடுகிறார்கள். பசிபிக்கின் மேல், ஜப்பானுக்கும் அமெரிக்க மேற்குக் கரைக்கும் நடுவே, அன்றன்றைக்குக் காற்றைப் பார்த்து வழித்தடங்களை மாற்றி மாற்றி அறிவிப்பார்கள். நேற்றுப் போன வழி இன்றைக்கு இருக்காது.

இருக்கை முன் திரையில் விமானம் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. வங்காளத்தின் மேல் போகும்போது விடிந்தது. இடது பக்கம் தூரத்தில் மலை தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்களுக்கு வலது பக்க இருக்கை. மியான்மர், குன்மிங், தென் சீனா. கேபின் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைத்திருப்பார்கள், ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. அம்மாவுக்கு மூச்சு வாங்கவில்லை, காதுதான் அடைத்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கழிப்பறை வரை நடத்தினேன். இரத்த அழுத்த மாத்திரையை இறங்கும் வரை இந்திய நேரப்படியே போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

சீனக் கரையைத் தாண்டிக் கடலுக்கு மேல் வந்தபோது சூரியன் உச்சியில். அம்மாவின் கைக்கடிகாரத்தில் காலை 9.30 சுமார். பணிப்பெண் சாப்பாடு வேண்டுமா என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் சூரியனைக் காட்டினேன். அம்மா ஜன்னல் மறையை முழுசாக ஏற்றி, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி மேலே பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, "உச்சிதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் திறந்தார். சாதம், பருப்பு, பனீர். ஊறுகாய் எங்கள் வீட்டுடையது, சின்ன டப்பாவில்.

ஜப்பான் வந்தது. சாரின் காற்று திரையில் தெரிந்தது. தரை வேகம் 1,000, 1,080, 1,150க்கு மேல் போய் நின்றது. விமானம் தன் போக்கில் 900தான் போகிறது, மீதி இனாம். இந்த நேரத்தில் விமானம் ஒருமாதிரி உடுக்கை அடிப்பதுபோல் நடுங்கியது. காற்றின் நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு, விளிம்பில்தான் அதிகம் என்று சார் சொல்லியிருந்தார். அம்மா கந்த சஷ்டி கவசத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அப்புறம் ஒன்று நடந்தது. அம்மாவின் கைக்கடிகாரத்தில் பகல் 12.30. வெளியே சூரியன் மறைந்துவிட்டது. விடிந்து ஆறரை மணி நேரம்கூட நிறையவில்லை. நாங்கள் கிழக்கே ஓட, பூமியும் கிழக்கே சுற்ற, பகலை நடுவில் கிழித்துக்கொண்டு மறு பக்கம் வந்துவிட்டோம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு அம்மா கைகூப்பி விளக்கேற்றும் வேளை சுலோகம் சொன்னதை நான் முன்னே பின்னே பார்த்ததில்லை.

எங்களுக்குக் கீழே முழுக்கக் கடல். இரண்டு என்ஜின் விமானம் இவ்வளவு தண்ணீருக்கு மேல் போவதற்கும் கணக்கு உண்டு. ஒரு என்ஜின் நின்றால் மற்றதை வைத்துக்கொண்டு எத்தனை நிமிடத்தில் ஒரு விமான நிலையத்தை அடைய முடியும் என்று பார்ப்பார்கள். 777க்கு 330 நிமிடம் வரை அனுமதி உண்டு. 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானம் ஒன்று என்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதான் ஊரில் இறங்கியது. 200க்கும் மேற்பட்ட பயணிகள் மாற்று விமானம் வரும்வரை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் விடுதிகளிலும் தங்கினார்கள். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

தேதிக் கோட்டைத் தாண்டியபோது ஒரு அறிவிப்பும் இல்லை. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் பிப்ரவரி 1, இன்னும் சனி. ஃப்ரீமாண்ட்

காலை 6.20க்குச் சக்கரம் தரையைத் தொட்டது. காற்றில் இருந்தது சரியாக 15 மணி நேரம், திரையில் பறந்த தூரம் 14,700 சுமார். வளைகுடாத் தண்ணீருக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து வந்து, கடைசி நொடியில்தான் ஓடுபாதை முளைத்தது. குடியேற்ற வரிசை முடிந்து வெளியே வந்தபோது கிழக்குப் பக்கக் குன்றுகளுக்கு மேல் சூரியன் வந்துகொண்டிருந்தது. ஒரே சனிக்கிழமையில் இரண்டாவது விடியல்.

தங்கை சாம்பார், அவியல் என்று சமைத்து வைத்திருந்தாள். "அம்மா இன்னிக்கு சாப்பிட்டாச்சு, ஒரு பொழுது முடிஞ்சுது" என்றேன். தங்கை முகம் வாடிவிட்டது.

அம்மா பன்னிரண்டு மணி வரை பொறுத்திருந்தார். பின்கட்டுக்குப் போய் மேலே பார்த்தார். வந்து உட்கார்ந்து, "விதி என்ன? சூரியன் உச்சிக்கு வந்தா ஒரு வேளை. சூரியன் ரெண்டு தரம் வந்திருக்கு. இலையைப் போடு" என்றார். 37½ மணி நேரச் சனிக்கிழமைக்கு இதைவிட நல்ல தீர்ப்பு உச்ச நீதிமன்றத்திலும் கிடைக்காது.

பிப்ரவரி 4, செவ்வாய். ஃப்ரீமாண்ட்

ராத்திரி இரண்டு மணிக்கு மூன்று பேரும் சமையலறையில். டெல்லியில் அப்போது அதே நாள் மத்தியானம் 3.30, உடம்பு அங்கேதான் இருக்கிறது. கிழக்கே வந்தால் மீள்வதற்கு நாளாகும், மேற்கே போனால் சீக்கிரம் சரியாகும் என்பார்கள். 13½ மணி நேர வித்தியாசத்தில் கிழக்கு என்ன, மேற்கு என்ன. கிட்டத்தட்ட பூமியின் மறுபக்கம். அம்மா அந்த நேரத்தில் வாழைக்காய் வறுத்தார்.

பிப்ரவரி 11, செவ்வாய். கான்கார்ட்

தைப்பூசம். கான்கார்டில் இருக்கும் சிவ முருகன் கோயிலுக்குப் போனோம். நல்ல கூட்டம், பாதிப் பேர் அலுவலக உடையில். அம்மாவுக்கு ஆர்.கே. புரம் படிக்கட்டு இல்லாத குறை ஒன்றுதான்.

பிப்ரவரி 21, வெள்ளி. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம்

இரவு 8.30க்கு விமானம். டெல்லியில் ஞாயிறு விடிகாலை 2.50க்கு இறங்குமாம். 16 மணி 50 நிமிடம் என்று டிக்கெட் சொல்கிறது. போனதைவிட 50 நிமிடம் அதிகம். பசிபிக் பக்கமே திரும்பினால் அந்த இனாம் காற்று நெற்றியில் அடிக்கும், இன்னும் நேரமாகும். அதனால் வடக்கே ஏறி, காற்று இளைத்த இடமாகப் பார்த்து, நூல் போன வழியை ஒட்டியே போய், கடைசியில் திபெத்துக்கு வாசல் வரை வந்து மேற்கே விலகுவது.

கிளம்பும் முன் சாருடன் பேசினேன். மேற்கே விலகினால் பாகிஸ்தான் வான்வெளி வேண்டும். 2019இல் பாலகோட்டில் இந்திய விமானப்படை குண்டு வீசிய பிறகு பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை 16 வரை அதை மூடி வைத்திருந்தார்கள். டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் எல்லாம் குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடல் மேல் சுற்றின. டெல்லியிலிருந்து இஸ்தான்புல் போன இண்டிகோ, எண்ணெய் போட்டுக்கொள்ள தோஹாவில் நின்று போனது. "வரைபடத்துல தூரம் ஒரு மில்லிமீட்டர் மாறலை தம்பி. நேரம் மட்டும் மாறிப்போச்சு" என்றார்.

வாசல் அருகே அம்மா விரலை மடக்கிக்கொண்டிருந்தார். நாளை மறுபடியும் சனிக்கிழமை.

பிப்ரவரி 22, சனி. அலாஸ்காவுக்கு வடக்கே எங்கோ

இந்தச் சனிக்கிழமைக்கும் கணக்குப் போட்டேன். கலிபோர்னியா நேரத்தில் நள்ளிரவுக்குப் பிறக்கிறது, டெல்லி நேரத்தில் நள்ளிரவுக்கு முடிகிறது. 24இல் 13½ போனால் 10½ மணி நேரம். போகும்போது 37½, வரும்போது 10½, கூட்டினால் 48. இரண்டு சனிக்கிழமைக்கு இரண்டு நாள், பைசா குறையவில்லை. அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்தது.

பிடிக்காதது வேறு. கிளம்பும்போது இருட்டு. நாலு மணி நேரம் கழித்து மறையை ஏற்றிப் பார்த்தால் இருட்டு. எட்டு மணி நேரம் கழித்தும் இருட்டு. மேற்கே ஓடுகிறோம், பூமி கிழக்கே சுற்றுகிறது, ராத்திரியை விட்டு வெளியே வரவே இல்லை. ஆர்க்டிக் கடலைத் தாண்டி சைபீரியா வந்தாயிற்று, ஒரு விடியல் கீற்றுகூட இல்லை. தரை வேகம் 820, 840 என்று நொண்டுகிறது. வெள்ளிக்கிழமை மறைந்த சூரியனை இனி ஞாயிற்றுக்கிழமை டெல்லியில்தான் பார்க்கப் போகிறோம். இந்தச் சனிக்கிழமைக்குச் சூரியனே கிடையாது.

அம்மா போட்ட சட்டப்படி சூரியன் உச்சிக்கு வந்தால்தான் சாப்பாடு. பணிப்பெண் இரண்டாம் முறை வந்தபோதும் அம்மா தலையை ஆட்டிவிட்டார். "நீங்களே ரெண்டு சூரியன்னு ரெண்டு தரம் சாப்பிட்டீங்க, இப்ப ஒண்ணும் இல்லன்னா கட்டாயமில்லை" என்று நானும் வாதாடிப் பார்த்தேன். "அப்ப வாங்கினதுக்கு இப்ப கழிக்கிறேன்" என்றார். ஆரஞ்சுச் சாறு மட்டும் குடித்தார். பக்கத்து இருக்கைப் பஞ்சாபிப் பெண், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பதறிப்போய் இரண்டு வாழைப்பழம் கொடுத்தார்.

கசகஸ்தான். மலைத்தொடரின் மேற்கு முனை. திரையில் விமானம் முதல்முறையாகத் தென்கிழக்கே மூக்கைத் திருப்பியது. பாகிஸ்தானைக் கடந்தது குறைந்த நேரமே. பஞ்சாப் விளக்குகள் கீழே சிதறிக் கிடந்தன.

பிப்ரவரி 23, ஞாயிறு. மயூர் விஹார்

2.25க்கு இறங்கியது. காற்றில் இருந்தது 16 மணி 10 நிமிடம், பறந்த தூரம் 13,700 சுமார். போகும்போது ஆயிரம் கிலோமீட்டர் அதிகம் பறந்து ஒரு மணி பத்து நிமிடம் முன்னதாகப் போயிருக்கிறோம். இணையம் சொன்ன 12,380 இரண்டு பக்கமும் உதவவில்லை. விமானத்தில் போகிறவர்கள் தூரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த மாதம், எந்தத் திசை என்று கேட்பது நல்லது. டிக்கெட் நேரத்தையே பார்த்தால்கூடப் போதும், அதில் போடுகிறவர்கள் காற்றையும் சேர்த்துத்தான் போடுகிறார்கள்.

இந்த எண்களை டாக்ஸியிலிருந்தே சாருக்கு அனுப்பினேன். அந்த நேரத்திலும் உடனே பதில் வந்தது: "போகும்போது 15 மணி நேரமா? 2016ல 14½ல போனான். உங்களுக்குக் காத்து கொஞ்சம் சோம்பேறியாக் கிடைச்சிருக்கு."

அம்மா டாக்ஸியில் என் போனில் நேரம் பார்த்தார். 3.40. ஞாயிற்றுக்கிழமை பிறந்தாயிற்று, விரதம் முடிந்தது. விடியட்டும், குளித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் வீடு வந்தது. பெட்டிகள் கூடத்திலேயே கிடக்க, நாலேகாலுக்கு எங்கள் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது. எதிர் ஃபிளாட்டில் விளக்கு எரிந்தது, சார் கதவைத் தட்டி ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.